கூற்று யாருடையது, கணக்கு யாருடையது

2016 சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் ஒரு மூதாட்டியின் முகம் தமிழ்நாட்டின் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு விளம்பரப் படத்தில் அவர், வானத்தில் பறக்கிறவர்களுக்கு ஏழைகளின் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது என்று கேட்டார். அது திமுகவின் விளம்பரம். இன்னொன்றில் அதே மூதாட்டி, பெற்ற பிள்ளை போடாத சோற்றை அம்மா போட்டார் என்று உருகினார். அது அதிமுகவின் விளம்பரம். இரண்டையும் யாரோ அடுத்தடுத்து ஒட்டிப் பரப்பிவிட, ஊரே சிரித்தது. விளம்பரம் எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்பது ஒரு சிரிப்பு. இந்தக் கிழவி ரெண்டு பக்கமும் காசு வாங்கிவிட்டாள் என்பது இன்னொரு சிரிப்பு. இரண்டாவது சிரிப்புதான் அதிகம் நீடித்தது. அவர் துணை நடிகை. கூப்பிட்ட இடத்துக்குப் போய், கொடுத்த வசனத்தைப் பேசிவிட்டு வருவது அவர் பிழைப்பு. கட்சி மாறி மாறி நடித்த பெரிய நடிகர்களையும் பாட்டெழுதிய கவிஞர்களையும் பார்த்து நாம் இப்படிச் சிரித்ததில்லை.

இரண்டு விளம்பரங்களுக்கும் தேவைப்பட்டது அவரல்ல, அவருடைய சுருக்கங்கள். ஏழை, முதியவள், தாய் என்ற மூன்றையும் ஒரே முகத்தில் காட்டிவிடலாம். அவர் வாயிலிருந்து வந்த சொற்களை எழுதியவர் வேறு, அதற்குப் பணம் கொடுத்தவர் வேறு, அதனால் ஆதாயம் பெறப்போகிறவர் வேறு.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகள் என்று முப்பத்து நான்கைச் சொல்கிறது. கூற்று அவற்றில் ஒன்று, கேட்போர் இன்னொன்று. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல் ஓர் அகப்பாட்டைப் படிக்க முடியாது. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் பாடம் நடத்துகிறேன். ஏதாவதொரு மாணவி ஒவ்வொரு ஆண்டும் கேட்டுவிடுகிறாள்: தலைவி கூற்று என்கிறீர்கள், எழுதியவர் பெயர் ஆண் பெயராக இருக்கிறதே? ஆம். சங்கப் புலவர்களில் பெண்கள் உண்டு, ஔவையும் வெள்ளிவீதியும் உண்டு. ஆனாலும் தலைவியின் குரலில் பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான். அகத்திணைக்கு இன்னொரு விதியும் உண்டு. அங்கே ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது. தலைவி பெயரற்றவள். அதனாலேயே அவள் எல்லாப் பெண்களாகவும் ஆக முடிகிறது. கவிதைக்கு அது அழகு. தேர்தல் விளம்பரத்துக்கு அது வசதி.

இந்த இரண்டு கேள்விகளையும், கூற்று யாருடையது, கேட்போர் யார் என்பதை, கட்சிகளும் வேட்பாளர்களும் நம் கைப்பேசிக்கு அனுப்பும் காணொளிகளிடமும் குரல்பதிவுகளிடமும் பதிவுகளிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும். இவற்றைக் குப்பை என்று ஒதுக்குவது எளிது. இன்றைய தமிழ்ப் பெண் அதிகம் வாசிக்கும் பிரதிகள் இவைதாம் என்பதால் எனக்கு அப்படி ஒதுக்க மனமில்லை.

ஜெயலலிதாவின் குரல்பதிவிலிருந்து தொடங்கலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த நாட்களில், முதலமைச்சரின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. நிவாரணப் பொட்டலங்களில் அவர் படத்தை ஒட்டியதற்காக அவருடைய கட்சி கடுமையாகக் கேலிசெய்யப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவர் நேரில் எட்டாதவர் என்ற குறை வேறு பலமாக இருந்தது. அந்தக் குரல், தனக்கென்று தனி வாழ்க்கை இல்லை, உறவினர் இல்லை, தனக்கு எல்லாமே மக்கள்தான் என்ற பொருள்படப் பேசியது. மேடையில் லட்சம் பேருக்கு முன் இதைச் சொன்னால் அது முழக்கம். இரவில் சமையலறை வேலை முடித்துவிட்டுக் காதருகே கைப்பேசியை வைத்துக் கேட்கிற பெண்ணுக்கு அது முழக்கமாக ஒலிப்பதில்லை. ஒருத்தி இன்னொருத்தியிடம் மனம்விட்டுச் சொல்வதாகத்தான் ஒலிக்கும். புறத்தின் செய்தியை அகத்தின் தொனியில் சொல்ல வாட்ஸ்அப் கற்றுக்கொடுத்தது என்றால், தமிழ்நாட்டில் அதை முதலில் முழுமையாகச் செய்து காட்டியவர் ஒரு பெண்.

அந்தக் கூற்று அவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் எதைச் சொன்னால் ஒரு பெண்ணின் கூற்று செல்லுபடியாகும் என்பதையும் அதே பதிவு காட்டிக்கொடுக்கிறது. ஆண் தலைவர்கள் யாரும் எனக்குக் குடும்பம் இல்லை என்று தொண்டை கரகரக்கச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய மகன்களும் மருமகன்களும் மேடையிலேயே அமர்ந்திருப்பார்கள். அது பலமாகவே எண்ணப்படும். பெண் தலைவிக்கு மட்டும் பெறாத தாயாக இருந்து காட்ட வேண்டிய கட்டாயம். ‘அம்மா’ என்ற ஒரு சொல்லுக்குள் நுழைந்தால்தான் அந்த நாற்காலி தாங்கும்.

அந்தச் சொல்லையே திருப்பி அடித்தது அடுத்து வந்த பிரச்சாரம். அதன் வம்சாவளியைக் கொஞ்சம் பார்க்கலாம். ஜீ தமிழ் தொலைக்காட்சியின் ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சியில், குடும்ப வழக்குகளோடு வந்து உட்கார்ந்த எளிய பெண்களைப் பார்த்து லட்சுமி ராமகிருஷ்ணன் ஆற்றாமையோடு சொன்ன வார்த்தை, “என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா”. அந்த நிகழ்ச்சி ஏழைகளின் அந்தரங்கத்தைக் கடைவிரித்ததைப் பற்றி எனக்குக் கடும் விமர்சனம் உண்டு; அது வேறு கட்டுரை. விஜய் தொலைக்காட்சியில் ஓர் ஆண் நகைச்சுவைக் கலைஞர் புடவை கட்டிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார். சிரிப்பு அள்ளியது. அங்கிருந்து மீம்களுக்குப் போனது. ‘ரஜினி முருகன்’ படத்தில் பாட்டானது. 2016 தேர்தல் நெருங்கியபோது, ஜெயலலிதாவைச் சாடும் திமுக விளம்பரங்களில் அதே வார்த்தை தலைப்பாக வந்து உட்கார்ந்தது.

விளம்பரம் கேட்ட கேள்விகள் நியாயமானவையாக இருக்கலாம். ஓர் ஆட்சியைக் கேள்வி கேட்க எதிர்க்கட்சிக்கு எல்லா உரிமையும் உண்டு. என் கவலை கூற்றைப் பற்றியது. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னது, பெண் வேடமிட்ட ஆணின் வாய் வழியாகச் சிரிப்பாகி, அந்தச் சிரிப்பு ஒரு பெண் முதலமைச்சரை நோக்கித் திருப்பப்பட்டபோது, அது ஆட்சி பற்றிய விமர்சனமாக மட்டும் இருக்கவில்லை. ‘பொம்பளைங்க பண்ற வேலை’ என்ற பழைய ஏளனமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. ஓர் ஆண் முதலமைச்சரை நோக்கி ‘என்னப்பா இப்படிப் பண்றீங்களேப்பா’ என்று போட்டுப் பாருங்கள். சிரிப்பு வராது. மீம் என்பது ஏற்கெனவே எல்லோரும் சிரிக்கத் தயாராக இருக்கிற இடத்தைத் தேடிப் போகும் வடிவம். பெண் அந்த இடத்தில் எப்போதும் கிடைக்கிறாள்.

2021 தேர்தலுக்கு வருவோம். அந்த ஆண்டு இறுதி வாக்காளர் பட்டியலில் பெண்கள் சுமார் 3.18 கோடி, ஆண்கள் சுமார் 3.08 கோடி. எண்ணிக்கையைக் கட்சிகள் நன்றாகவே வாசித்தன. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் என்றது திமுக. 1500 என்றது அதிமுக. ஆண்டுக்கு ஆறு சமையல் எரிவாயு உருளைகள், துணி துவைக்கும் இயந்திரம் என்றும் அடுக்கியது. வீட்டு வேலைக்கு ஊதியம் என்ற பேச்சை அதற்கு முன்பே மக்கள் நீதி மய்யம் எடுத்திருந்தது. கேட்போர் இடத்தில் பெண் உட்கார்த்தப்பட்ட தேர்தல் அது. இதை நான் சிறிதாக மதிப்பிடவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியபோது அதன் பெயரில் ‘உதவி’ என்றில்லாமல் ‘உரிமை’ என்று இருந்தது. பெண்ணியவாதிகள் பல பத்தாண்டுகளாகத் தொண்டை வறளப் பேசியதன் தடம் அந்தச் சொல்லில் இருக்கிறது. ‘இலவசம்’ என்று முகநூலில் முகம் சுளித்தவர்களுக்கு ஒரு வீட்டின் மூன்று வேளைச் சமையல் எந்தக் கணக்கில் வருகிறது என்று தெரியாது.

ஆனால் காணொளிகளில் அந்தக் குடும்பத் தலைவி எப்படி இருந்தாள்? அடுப்படியில் நின்றாள். விலைவாசி சொல்லிப் பெருமூச்சு விட்டாள். தலைவரின் படம் வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவளுக்குப் பெயர் இல்லை. வயல்வேலை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, தீப்பெட்டி ஒட்டுவது என்று அவளுடைய உழைப்பெல்லாம் சட்டகத்துக்கு வெளியே நின்றது. அகப்பாட்டின் தலைவி குடும்பத் தலைவியாக மறுபிறவி எடுத்திருந்தாள். இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். பொருள்வயின் பிரிந்தவனுக்காக ஒருத்தி, பொருள் தருபவனுக்காக இன்னொருத்தி.

அதே தேர்தலில் ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ நிகழ்ச்சிகளில் மக்களிடம் மனுக்கள் வாங்கப்பட்டன. ஆட்சிக்கு வந்த நூறு நாளில் தீர்வு என்று உறுதி தரப்பட்டது. மனுக் கொடுத்தவர்கள் எழுந்து ஒலிவாங்கியில் பேசினார்கள், பெண்களும் பேசினார்கள். அங்கே ஒரு பெண் தன் ஊர், தன் பெயர், தன் குறை என்று சொன்ன கணத்தில் கூற்று அவளுடையதாகத்தான் இருந்தது. விதவை உதவித்தொகை, பட்டா, மகனுக்கு வேலை என்று அவள் பேச்சில் துல்லியம் இருந்தது. அந்தக் காட்சி வெட்டப்பட்டு, இசை சேர்க்கப்பட்டு நம் கைக்கு வரும்போது துல்லியம் போய்விடுகிறது, கண்ணீர் தங்கிவிடுகிறது. கண்ணீருக்குப் பிறகு கேமரா போய் நிற்பது கேட்டுக்கொண்டிருக்கும் ஆணின் முகத்தில். இது எந்த ஒரு கட்சியின் தனிச்சொத்தும் அல்ல. எல்லாக் கட்சிகளின் படத்தொகுப்பாளர்களுக்கும் இந்த இலக்கணம் அத்துப்படி.

மெய்க்கீர்த்தி படித்தவர்களுக்கு ஒரு வேட்பாளரின் இணையதளத்தில் அவரைப் பற்றிய பக்கம் பழகியதாகவே இருக்கும். முதலாம் இராசராசன் காலத்திலிருந்து கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசனின் புகழ் வரத் தொடங்கியது. ஆட்சியாண்டு கூடக்கூட வெற்றிகளும் கூடும். இன்றைய தளம் புதுப்பிக்கப்படுவது போல. திருமகளும் நிலமகளும் அரசனுக்கு உரியவர்களாக வருவார்கள். அரசி பெரும்பாலும் அவனோடு சிம்மாசனத்தில் அமர்ந்திருப்பவள், அவ்வளவுதான். தலைவர்களின் பக்கங்களில் மனைவி பொங்கல் பானையோடு ஆண்டுக்கொருமுறை வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிம்மாசனத்தின் ஓரம் நினைவுக்கு வரும்.

பெண்ணின் உருவம் எவ்வளவு எளிதாக யாருக்கும் கிடைக்கிற பொருளாகிவிட்டது என்பதற்கு 2021 மார்ச்சில் ஒரு சம்பவம் நடந்தது. தமிழக பாஜகவின் பிரச்சாரக் காணொளி ஒன்றில் பரதம் ஆடும் ஒரு பெண்ணின் காட்சி வந்தது. அவர் காங்கிரஸ் நாடாளுமன்ற உறுப்பினர் கார்த்தி சிதம்பரத்தின் மனைவியும், மருத்துவரும், நடனக் கலைஞருமான ஸ்ரீநிதி சிதம்பரம். அந்தக் காட்சி எடுக்கப்பட்டதோ, 2010 கோவைச் செம்மொழி மாநாட்டுக்காகக் கலைஞர் கருணாநிதி எழுதிய பாடலின் படத்திலிருந்து. ஸ்ரீநிதி ட்விட்டரில் கண்டித்தார், காணொளி நீக்கப்பட்டது. பத்திரிகைகள் இதை ஒரு கட்சியின் அசட்டுத் தவறாக எழுதிச் சிரித்தன. நான் அதைத் தவறாகப் பார்க்கவில்லை, வழக்கமாகப் பார்க்கிறேன். படத்தைத் தேடிய கைகளுக்குத் தேவைப்பட்டது ‘தமிழ்ப் பண்பாடு’. சலங்கை கட்டிய ஒரு பெண்ணுடல் கிடைத்தது. அந்த உடலுக்கு ஒரு பெயர், ஒரு தொழில், ஓர் அரசியல் இருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை. அவருக்குச் சொந்தக் கணக்கு இருந்தது, கேட்பதற்கு ஆள் இருந்தது, அதனால் அது நீங்கியது. அரசுத் திட்ட விளம்பரங்களிலும் கட்சிப் படங்களிலும் அனுமதியில்லாமல் முகம் எடுக்கப்பட்ட ஒரு நூறுநாள் வேலைப் பெண் எங்கே போய்ச் சொல்வாள்?

சொந்தக் கணக்கு வைத்துக்கொண்டு பேசத் துணிந்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2019 மார்ச் முதல் மே வரை, நாடாளுமன்றத் தேர்தல் காலத்தில், இந்தியாவின் 95 பெண் அரசியலாளர்களைக் குறிப்பிட்ட 1,14,716 ட்வீட்களை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் ஆய்வு செய்தது. அவற்றில் 13.8 சதவீதம் வசவாகவோ சிக்கலுக்குரியதாகவோ இருந்தன. ஏழுக்கு ஒன்று. முஸ்லிம் பெண்களுக்கு மத இழிசொற்கள் மற்ற மதப் பெண்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டப்பட்டவர்களும் உண்டு. வசவு எல்லோருக்கும் விழுவதுதானே என்பவர்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும்: ஆண் வேட்பாளரின் கொள்கை பிடிக்காவிட்டால் அவருடைய உடலை வர்ணிக்கிறார்களா?

பெண்ணை இழிவுபடுத்தும் பேச்சு தண்டிக்கப்பட்டதும் உண்டு. 2021 பிரச்சாரத்தில் ஆ. இராசா, எடப்பாடி பழனிசாமியின் அரசியல் பிறப்பைப் பற்றிச் சொன்ன உவமை அவருடைய தாயை இழிவுபடுத்தியதாகக் காணொளியாகப் பரவியது. பழனிசாமி பிரச்சாரத்தில் கண்கலங்கினார், அதுவும் பரவியது. தான் அரசியலைத்தான் ஒப்பிட்டதாகச் சொல்லி இராசா மன்னிப்புக் கேட்டார். தேர்தல் ஆணையம் அவருக்கு 48 மணி நேரம் பிரச்சாரத் தடை விதித்தது. விதித்தது சரி. ஆனால் அந்த வேகத்தைப் பெண் வேட்பாளர்கள் மேல் அன்றாடம் கொட்டப்பட்டதற்கு நாம் பார்க்கவில்லை. ஓர் ஆணின் தாய் என்ற இடத்திலிருந்தால் பெண்ணின் மானம் உடனே வழக்காகிறது. தானே வேட்பாளராக நின்றால், அரசியலுக்கு வந்தால் இதெல்லாம் சகஜம்தானே என்று அறிவுரை கிடைக்கிறது.

இனி அந்தப் படிவம். வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் தர வேண்டிய உறுதிமொழிப் பத்திரம், படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். 2013 அக்டோபரில் ஆணையம் விடுத்த அறிவுறுத்தலுக்குப் பிறகு, வேட்பாளர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளையும் இதில் சொல்ல வேண்டும். அந்த ஊடகங்களில் செய்யும் செலவும், கணக்குகளை நடத்துபவர்களுக்குக் கொடுக்கும் சம்பளமும் தேர்தல் செலவில் சேரும். நல்ல விதி. இலக்கியம் படிப்பதுபோல் இந்தப் படிவத்தைப் படித்துப் பாருங்கள். முதல் வரியிலேயே, நான் இன்னாருடைய மகன், மகள், அல்லது மனைவி என்று இருக்கிறது. ‘கணவன்’ என்ற சொல் அங்கே இல்லை. ஆண், ஒருவருக்கு மகன் மட்டுமே. பெண் ஒருவரின் மகளாகவோ இன்னொருவரின் மனைவியாகவோ இருந்து பேசத் தொடங்குகிறாள். அடுத்து வீட்டு முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கணக்குகள். வாக்காளருக்கு இவை தெரிய வேண்டியவைதான். ஆனால் இரவு பதினோரு மணிக்கு முகம் தெரியாத எண்ணிலிருந்து ஆபாசப் படம் வரும்போது அந்த வெளிப்படைத்தன்மையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில் ஆணும் பெண்ணும் சமமில்லை.

படிவம் கேட்காத ஒரு கேள்வியும் உண்டு. இந்தக் கணக்கை நடத்துவது யார்? சம்பளம் வாங்குபவர் செலவுக் கணக்கில் வந்துவிடுவார். சம்பளம் வாங்காத கணவரும் மைத்துனரும் எதிலும் வரமாட்டார்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தபின் நடந்த தேர்தல்களில் ஊர் ஊராக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேட்பாளர் அக்கா கைகூப்பி நிற்பார். பக்கத்தில் அவரைவிடப் பெரிதாக அவருடைய கணவர். தொடர்பு எண் கணவருடையது. பதிவுகளில் ‘நான்’ என்று வரும் தன்மைச் சொல் யாருடையது என்பதற்கு எந்த உரையாசிரியராலும் விளக்கம் சொல்ல முடியாது.

2021இல் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளில் 117இல் பெண்களை நிறுத்தியது. அந்தக் கட்சியின் இனவாதப் பேச்சோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் பத்தில் ஒரு தொகுதியைக்கூடப் பெண்களுக்குத் தராத இரண்டு பெரிய கட்சிகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இந்த எண்ணை மறைக்க முடியாது. அவர்களுடைய படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே வார்ப்பு. மேலே தலைவர், கீழே பெயர் மட்டும் மாறும். அந்த வார்ப்பை மீறி வந்தவர் காளியம்மாள். மீனவச் சமூகத்திலிருந்து வந்த அவருடைய பேச்சுகள் யூடியூப் வழியாகக் கட்சிக்கு வெளியிலும் போயின. கடல், துறைமுகம், மீன்பிடித் தொழில் என்று பேசும்போது கூற்று யாருடையது என்ற ஐயம் எழவில்லை. வடசென்னை, பூம்புகார், மயிலாடுதுறை என்று மூன்று தேர்தல்களில் நின்று தோற்றார். பார்வைகள் வாக்குகளாகவில்லை.

ஜோதிமணி வேறு மாதிரி. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கத்தை விமர்சித்து எழுதியதற்காக அவர்மேல் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் ஆபாசம் கொட்டப்பட்டது. பெரும்பாலான பெண்கள் கணக்கை மூடிவிடும் இடம் அது. அவர் வந்தவற்றையெல்லாம் எடுத்துப் பொதுவெளியில் வைத்தார். 2019இல் கரூரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த வெற்றிக்குக் கூட்டணி பலம் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் வெட்கப்பட வேண்டியவர் யார் என்ற கேள்வியை அவர் அனுப்பியவர்கள் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். எழுத்து பழகிய கை அது என்பதும் தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

2016இல் 21 பெண்கள் சட்டமன்றத்துக்குப் போனார்கள். பெண்களை நோக்கியே பேசிய, பெண்களின் முகங்களால் நிரம்பிய 2021 தேர்தலுக்குப் பிறகு போனவர்கள் 12.

என் மாணவிகளில் சிலர் தேர்தல் வந்தால் கட்சிகளின் தொழில்நுட்ப அணிகளுக்கு வசனம் எழுதப் போகிறார்கள். ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று பணம். தமிழ் படித்த பிள்ளைகளுக்கு எழுதிக் கிடைக்கும் வேலைகள் குறைவு, அதனால் நான் தடுப்பதில்லை. போன தேர்தலில் ஒருத்தி, ‘நடுத்தர வயது அம்மா பேசுவது போல’ எழுதித் தரச் சொன்னார்கள் என்று சொன்னாள். எந்த ஊர் அம்மா, என்ன வேலை செய்கிற அம்மா என்று இவள் கேட்டிருக்கிறாள். அதெல்லாம் வேண்டாம், பொதுவா ஒரு அம்மா என்றார்களாம்.

எங்கள் பக்கத்து வார்டுக்கு ஒரு பெண் கவுன்சிலர். தேர்தலின்போது அவருக்கும் கணவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ்தான். வென்ற பிறகு வார்டு வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதம் கணவர்தான் பதில் போட்டுக்கொண்டிருந்தார். சாக்கடை அடைப்பைப் பற்றி ஒரு பாட்டி தினமும் குரல்பதிவு போடுவார். எழுத வராது அவருக்கு. ஒருநாள் அதற்குப் பதிலாக ஒரு குரல்பதிவு வந்தது. “பாட்டி, நான்தான் பேசறேன், கவுன்சிலர். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்டி வருது. நானும் வர்றேன். அந்த மூடியை மட்டும் யாரையும் தூக்க விடாதீங்க.” பதினாலு நொடி. பின்னால் குக்கர் விசில் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு குழுவில் அவரே பேசுகிறார். தொடர்பு எண் மட்டும் இன்னும் கணவருடையதாகத்தான் இருக்கிறது.